மறுபிள்ளைகள்

பொறுமைபுரத்தில் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற அம்மா அழக்கூடாது. அப்படியொரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, எந்த ஐயரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை, ஆனாலும் செம்மணல் தேரிக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு கோபுரமும் நாலு தெருவுமாக நிற்கிற அந்த ஊரில் சோறு வடிக்கத் தெரியாதவள்கூட உண்டு, அந்தச் சட்டம் தெரியாதவள் கிடையாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் தாண்டியோ ஒரு பிள்ளை வேலைக்குப் போகிறது என்றால், போவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனையில், காணிக்கை எடுத்து முடிந்ததும், அம்மாவும் பிள்ளையும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிவரை நடந்து போவார்கள். பிள்ளை முழங்கால் போடும். அம்மா வலது கையை அதன் தலையில் வைத்து, "உம்மிடத்தில் வாங்கினேன், உம்மிடத்தில் விடுகிறேன்" என்று சபை முழுவதும் கேட்கச் சொல்வாள். ஐயர் ஜெபிப்பார், எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. அவர் ஆமென் சொல்கிறபோது அம்மா கையை எடுத்துவிட வேண்டும். அதற்குக் கையெடுப்பு என்று பெயர். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பார்கள், பெண்கள் எல்லாரும் அம்மாவின் கண்ணைப் பார்ப்பார்கள்.

காய்ந்த கண்ணோடு கை எடுத்தவளைப் பற்றி வாரம் முழுக்கப் பேச்சிருக்கும். தண்ணீர்க் குழாயடியில், மீன்காரி கூடையைச் சுற்றி, சங்கக் கூட்டத்தில், "ஒரு சொட்டு விடலையே, என்னா விசுவாசம்!" என்பார்கள். அழுதவளைப் பற்றியும் பேச்சிருக்கும், அது கொஞ்சம் தணிந்த குரலில் இருக்கும். லீதியாள் தன் மகன் தீத்துவை மும்பைக்கு அனுப்பியபோது, ஐயர் ஆமென் சொல்லி முடித்து, பாடகர் குழு பாட்டை ஆரம்பித்து, முதல் சரணமும் தாண்டிய பிறகும் கையை எடுக்காமல், பையனுடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக அழுதாள். தீத்து வெட்கத்தில், "எம்மா, விடும்மா, வலிக்கி" என்று சொன்னது மைக்கில் கேட்டது. அன்றிலிருந்து ஊரில் லீதியாளை யாரும் திட்டவில்லை. அவளுக்காக ஜெபித்தார்கள். அது திட்டைவிட மோசம்.

பெண்கள் சங்கத்துக்குத் தலைவி ஞானசௌந்தரி. கையெடுப்புக்கு முந்தின நாள் ஒவ்வொரு அம்மாவையும் வீட்டுக்கு வரவழைத்துச் சுக்குக்காபி கொடுத்து அவள்தான் ஆயத்தப்படுத்துவாள். "நாக்க மேலண்ணத்துல அழுத்திக்கோ. பீடத்துக்கு மேல மணிக்கூடு இருக்கு பாத்தியா, அதப் பாரு. பிள்ள மூஞ்சியப் பாத்திரக்கூடாது. கீழ பாத்தேன்னா போச்சு" என்று சொல்லிக் கொடுப்பாள். அவளுக்கே ஒரே மகள், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஊரே உபவாசமிருந்து பிறந்த ஜெபக்கனி. கனி நர்ஸ் படித்து, கட்டிக்கொண்டவனோடு அயர்லாந்துக்குக் கிளம்பினபோது சௌந்தரி கையெடுத்த அழகை அதற்கப்புறம் எத்தனையோ கையெடுப்புகளுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். ஐயரின் வாயிலிருந்து ஆமென் பாதிதான் வந்திருந்தது, கை அதற்குள் எழும்பிவிட்டது, சுத்தமாக, சூடான இட்லிச் சட்டியின் மூடியை எடுக்கிற மாதிரி. கனி மட்டும் அந்தச் சமயம் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம், சௌந்தரி அடுப்படியில் நிற்கும்போது, கனி பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள். ஏழு வயசு. இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பன், ஒரு முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு.

"எம்மா, பசிக்கி."

"கையக் கழுவிட்டு வா" என்றாள் சௌந்தரி. தோசைக்கல்லைப் போட்டாள்.

இரும்புச் சாமான் கடையைப் பூட்டிவிட்டு வந்த அவள் புருஷன் தேவசகாயம், மகள் தோசையைச் சீனியில் தோய்த்துத் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் சௌந்தரி. "பெரியவ போய்ச் சேந்துட்டாளாமா?" என்றார். "துபாய்ல எறங்கி வேற பிளேனு மாறணுமாம்" என்றாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு போடு" என்றார்.

அந்த வாரத்திலேயே மற்றவர்களுக்கும் வந்தார்கள். யாரெல்லாம் காய்ந்த கண்ணோடு கையெடுத்திருந்தார்களோ அவர்கள் எல்லாருடைய வீட்டுக்கும், போன பிள்ளை போனபடி போய் இருக்க, அதே பிள்ளை சின்னதாகத் திரும்பி வந்தது. ஒன்று வேப்பமரத்திலிருந்து இறங்கி வந்தது, ஒன்று மீன் வாங்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தது, ஒன்று காலையில் பார்த்தால் பாயில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதை என்னவென்று சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை; பிறகு யாரோ மறுபிள்ளை என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. வயசு மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. எந்த வயசில் பிள்ளை அம்மா சொல்கேட்டு நடந்ததோ அந்த வயசில்தான் வருகிறது என்பதைப் பெண்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கத்துச் செயலாளர் பாக்கியத்தாயின் மகன் அருள்மணி சென்னையில் பெரிய கம்பெனியில் இருப்பவன். அவன் அவளுக்கு மூன்று வயசில் வந்தான். "மூணு வயசுக்குப் பொறவு அவன் எங்க சொல்லு கேட்டான்" என்று அவளே ஒத்துக்கொண்டாள். இன்னொருத்திக்குத் தொட்டிலில்தான் வந்தது. அவள் அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஐயர் ஒரு ஞாயிறு முழுக்க யோசித்து, மறு ஞாயிறு, விட்டவர்களுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கும் என்று பிரசங்கம் செய்தார். மறுபிள்ளைகளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்று கமிட்டியில் கேட்டார்கள், ஏற்கெனவே கொடுத்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இல்லாமல் மூடுகிற நிலைக்கு வந்திருந்த தொடக்கப்பள்ளியில் மறுபடி மணி அடித்தது. மேலதிகாரி வந்து பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது அம்மாமார் உள்ளதைத்தான் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபத்தேழு வயசு என்று அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர், "எந்த ஆபீஸ்லயும் ஒழுங்கா ஒருத்தன் டைப் அடிக்க மாட்டேங்கான்" என்று சலித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து அம்மாமார் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், "எங்க சபையில ஏன் வரல" என்று பெருமூச்சு விட்டார்கள், சௌந்தரியிடம் சுக்குக்காபியும் மணிக்கூட்டு யோசனையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுபிள்ளைகள் வளரவில்லை. வருஷா வருஷம் அதே கவுன் பொருந்தியது, கிறிஸ்துமஸ் நாடகத்தில் அதே தேவதூதன் இறகு அதே முதுகுக்குச் சரியாக இருந்தது, மூன்றாம் வகுப்பு மூன்றாம் வகுப்பாகவே இருந்தது, ஆடுகிற பல்லும் ஆடிக்கொண்டே இருந்ததே தவிர விழவில்லை. வளராத பிள்ளைக்கு வரன் பார்க்க வேண்டாம், வீசா வேண்டாம், அது கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமும் பேசாது. உலகத்திலேயே பிள்ளைகளைப் பிரிந்த துக்கம் இல்லாத ஊர் பொறுமைபுரம் ஒன்றுதான் என்று கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருவர் சொன்னபோது, பந்தல் முழுக்க அம்மாமார் கைகளை உயர்த்தினார்கள், ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு பிள்ளை இருந்தது. இதில் ஒரே ஒரு தொந்தரவு, மறுபிள்ளையை விட்டு ஒரு இரவுகூட வெளியே தங்க யாருக்கும் தைரியம் வரவில்லை. வந்த மாதிரியே போய்விட்டால்? ஆகவே அம்மாமார் வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போகவில்லை, சாவுகளுக்கும் போகவில்லை, கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பெரிய பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் அவர்கள் கட்டிலில் அவர்களே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அருள்மணி பெட்டியோடு நடுவீட்டில் நின்று, "எம்மா, நான் எங்க படுக்க?" என்று கேட்டான். பாக்கியத்தாய் மூன்று வயசு அருள்மணிக்கு ஆட்டுக்கறியை நார் நாராகப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். "மாடியில பாய் கெடக்கு பாரு. ஒனக்குத்தான் எங்கனயும் படுத்துப் பழக்கமாச்சே" என்றாள்.

"நான் வந்து அரைமணி நேரமாச்சு. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"நீதான் டயட்ல இருக்கேன்னு போன வருசம் சொன்னியேல."

"அது போன வருசம்."

சின்ன அருள்மணி பெரியவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயில் கறியோடு, "எம்மா, இந்த மாமா எப்பப் போவும்?" என்று கேட்டான். பெரியவன் மறுநாளே போய்விட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை, வேறு பலரும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டிருந்தவர்தான் அதைக் கவனித்தார். அம்மாமாருக்கு நேரமில்லை, கவுனுக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது.

லீதியாளுக்கு மட்டும் மறுபிள்ளை வரவில்லை. அவள் தினமும் தீத்துவோடு போனில் சண்டை போட்டாள். பெட்ஷீட் துவைத்தாயா, ஏன் துவைக்கவில்லை, பின்னால் நிற்கிற அந்தப் பிள்ளை யார், பேர் என்ன, கோயிலுக்குப் போகிறதா, சரி, சாப்பாடாவது ஒழுங்காகப் போடுமா என்று தெருவுக்கே கேட்கும். பாவம், கர்த்தர் அவளை நினைக்கவில்லை என்று ஊர் உச்சுக்கொட்டியது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அயர்லாந்திலிருந்து கனி கூப்பிட்டாள். அவள் முழுகாமல் இருந்தாள், அது ஊருக்கே தெரியும், சங்கத்தில் சாட்சி சொல்லியாகிவிட்டது.

"எம்மா, டாக்டர் படுத்தே கெடக்கணும்னு சொல்லிட்டாங்க. எந்திரிச்சு நடந்தா பிள்ளைக்கு ஆபத்தாம். அவருக்கு நைட் டியூட்டி. வீசாதான் எப்பவோ வந்துட்டே, நீ வாம்மா."

"நான் ஜெபம் பண்ணுதேன் கனி."

"பண்ணு. இங்க வந்து பண்ணு."

"சங்கத்துல எல்லாருமா முழங்கால்ல நிக்கோம். அவரு கையிலதான ஒன்ன விட்டுருக்கேன். கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

"கர்த்தர் வந்து கஞ்சி வச்சுத் தருவாராம்மா?"

மற்ற அம்மாமார் கேட்டிருந்தால் சௌந்தரியிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். இப்போது போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அந்த இடைவெளியில், தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சின்னக் கனி தலையைத் தூக்கி, "எம்மா, போன்ல யாரு?" என்றாள்.

"ஒரு அக்கா. நீ எழுது."

அந்தக் குரல் அந்தப் பக்கமும் கேட்டது. பெரிய கனி அங்கே போன பிறகு ஊருக்கு வரவே இல்லை. மறுபிள்ளை பற்றி மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுண்டு, தன் அம்மாவிடம் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

"எம்மா, அது நானா?"

சௌந்தரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அவகிட்ட போனக் குடு."

சின்னக் கனி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனை வாங்கினாள். "அக்கா, ஏன் அழுதிய?"

"எங்கம்மா வரமாட்டேங்காவ."

"ஏனாம்?"

"வீட்ல ஒரு சின்னப் பிள்ள இருக்காம். அத விட்டுட்டு வர முடியலையாம்."

"அதுக்கு எத்தன வயசு?"

"ஒன் வயசுதான்."

சின்னக் கனி யோசித்தாள். "ஏழு வயசுன்னா தனியா இருக்கலாமே அக்கா. எனக்கே தல பின்னத் தெரியும். ஒரு பக்கம் கோணும், அம்புட்டுதான்." அப்புறம் போனை அம்மாவிடம் நீட்டிக்கொண்டே, மரியாதைக்குக்கூடக் குரலைத் தாழ்த்தாமல், "அந்த அக்காவோட அம்மா ரொம்ப மோசம், என்னம்மா?" என்றாள்.

சௌந்தரி அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போடவில்லை. தேவசகாயம் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்.

போனால் இவள் இருக்க மாட்டாள். போகாவிட்டால் அவளுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் என்ன ஆகுமோ தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சௌந்தரி சங்கத்துக்குப் போனாள், போகலாமென்று இருக்கிறேன் என்று மெல்லச் சொன்னாள். பாக்கியத்தாய்தான் கேட்டாள்: "அக்கா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. நீங்களே போறியன்னா அப்ப நீங்க கையெடுத்ததுக்கு என்ன அர்த்தம்? விட்டதத் திரும்பப் புடிக்கப் போறியளா?" இன்னொருத்தி, "நீங்க சொல்லித்தான நாங்கல்லாம் மணிக்கூட்டப் பாத்தோம்" என்றாள். ஐயரிடம் போனாள். அவர் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, "போறது பாவமில்லம்மா. ஆனா போகாம இருக்கிறது சாட்சி" என்றார். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பியவள் எதனாலோ லீதியாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். தலைவியானபின் அந்தப் படியை அவள் மிதித்தது, லீதியாளுக்காக ஜெபிக்க வந்தபோது மட்டுந்தான்.

லீதியாள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தாள். "வைல, சௌந்தரியக்கா வந்திருக்காவ. எதுக்கா? எதுக்கு வருவாவ, எனக்கு ஜெபம் பண்ணத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"ஜெபம் பண்ண வரல லீதியா" என்றாள் சௌந்தரி. படியிலேயே உட்கார்ந்தாள். "ஒனக்கு மறுபிள்ள வரலையேன்னு வருத்தமா இருந்திச்சா?"

லீதியாள் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "வராம என்ன? வந்தானே."

"எப்போ?"

"எல்லாருக்கும் வந்த வாரந்தான். எட்டு வயசு இருக்கும், கால்ல சேறு. இந்தா, நீங்க இருக்கிய பாருங்க, அங்கனதான் நின்னான். அந்த நேரம் பெரியவனுக்கு அங்க காய்ச்ச. போன்ல கத்திக்கிட்டு இருந்தேன், கசாயம் போடுல, இஞ்சியத் தட்டுல, தட்டத் தெரியலன்னா கடிச்சுத் தின்னுலன்னு. இவன் எம்மான்னான். கொஞ்சம் இருலன்னேன். பேசி முடிச்சுத் திரும்பிப் பாத்தா இல்ல."

"போயிட்டானா?"

"போயிட்டான். வெளையாடப் போயிருப்பான். எட்டு வயசுல அவன் எப்ப வீட்ல இருந்தான்?" லீதியாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு விசுவாசமெல்லாம் கெடையாது. அவன் பஸ்ஸேறுன அன்னைக்கே ஆண்டவருகிட்டச் சொல்லிட்டேன், நீரு பாத்துக்கிடுவீருன்னு எனக்கு நம்பிக்க இல்ல, ஆனா எனக்கு வேற ஆளும் இல்லன்னு. தெனமும் அதத்தான் சொல்லுதேன். அவரும் ஒண்ணும் கோவிச்சுக்கிட்ட மாதிரி தெரியல."

சௌந்தரி முறத்தைத் தன் பக்கம் இழுத்து மீதிக் கல்லைப் பொறுக்கினாள். எழுந்திருக்கும்போது, "கனிக்குக் காலையில தல பின்னிவிடுவியா?" என்று கேட்டாள்.

கார் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. சின்னக் கனி பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் இருந்தாள். கூட வாடி என்று கடைசி நேரத்தில் சௌந்தரி கையைப் பிடித்தபோது, "இன்னைக்கு ஓட்டப்பந்தயம்மா" என்று உருவிக்கொண்டாள். சௌந்தரி நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள், ரிப்பனை, நெற்றியில் கோணலாக ஒட்டியிருந்த மயிரை, ஆடுகிற பல்லை. பார்த்ததும் அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, இத்தனை வருஷமாக அந்தச் சபையில் யாரும் கேட்டிராத, மாடு கத்துகிற மாதிரியான ஒரு சத்தம். எதிர்வீட்டுத் திண்டில் இருந்த காக்கை எழும்பிப் போனது.

"எம்மா, எல்லாரும் பாக்காவ" என்றாள் சின்னக் கனி.

"பாக்கட்டும்."

"மூக்குல வருது."

"வரட்டும்."

பாக்கியத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் வளைவுக்குப் போகும்போது சௌந்தரி திரும்பிப் பார்த்தாள். சின்னக் கனி கையசைத்துவிட்டு, கார் மறைகிறவரைக்கும் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல், பையைக் குலுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

அயர்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மருமகன் கதவைத் திறந்தான். கட்டிலில் படுத்திருந்த பெண்ணைப் பார்த்ததும், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சௌந்தரிக்கு ஒரு கணம் தோன்றியது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, காதோரம் ஒன்றிரண்டு நரை, சீனி இல்லாமல் காபி குடித்தாள், அம்மாவுக்குத் தெரியாத இரண்டு பேரைப் பற்றி அம்மாவுக்குத் தெரியும் என்கிற மாதிரியே பேசினாள், தூக்கத்தில் இங்கிலீஷில் முனகினாள். சௌந்தரி அவளை முதல் வகுப்பிலிருந்து படிக்கத் தொடங்கினாள். கஞ்சி வைத்தாள். கனி அதில் உப்புக் கூட என்றாள், மறுநாள் உப்புக் குறைவு என்றாள், ஒரு நாள், "என்ன மட்டும் மணிக்கூட்டப் பாத்துக்கிட்டே அனுப்புனியேம்மா" என்று தொடங்கி, பொறுமைபுரத்தில் எந்த மறுபிள்ளையும் எந்த அம்மாவையும் கேட்டிராத கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள். சரியாக இருந்தது.

லீதியாளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, பயப்படாதிய. இருக்கா. அவிய அப்பா கூடத் தின்னுட்டுத் தூங்குதா. ஆனா ஒரு சங்கதி. நேத்து அவளுக்குப் பல்லு விழுந்துட்டு."

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டு. கூரையில எறிஞ்சாச்சு. கவுனும் கை பிடிக்கி அக்கா, அளவு எடுக்கணும்."

ஊர் இதை லேசில் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து சின்னக் கனியை வாயைத் திறக்கச் சொல்லி, அந்தப் பொக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடித் தங்கள் பிள்ளைகளின் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்தால் அது வளரும், வளர்ந்தால் பத்தாம் வகுப்பு வரும், பத்தாம் வகுப்பு வந்தால் பெட்டி கட்டும். சங்கம் அவசரமாகக் கூடி, மறுபிள்ளைகளின் பற்களுக்காக வெள்ளிக்கிழமை முழுநாள் உபவாச ஜெபம் அறிவித்தது. தலைவி இல்லாமல் தொடங்குவது முறையில்லை என்று, பாக்கியத்தாய் கோயில் மைக்குக்கு முன்னால் போனை வைத்து அயர்லாந்துக்குக் கூப்பிட்டாள். "அக்கா, பழசெல்லாம் மனசுல வைக்காதிய. நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும். எங்க பிள்ளைங்க பல்லு எங்களுக்கு வேணும்."

அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சௌந்தரி அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே கண்ணை மூடினாள். பொறுமைபுரத்துக் கோயிலில் அம்மாமார் எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார்கள், பிள்ளைகள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். "ஆண்டவரே" என்று சௌந்தரியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. கஞ்சி கொதிக்கிற சத்தமும் வந்தது. "ஆண்டவரே, எங்களுக்கு நம்பிக்க இல்ல" என்று வந்தது. பெண்கள் இதை மனத்தாழ்மை என்று எடுத்துக்கொண்டு தலையை இன்னும் தாழ்த்தினார்கள். அப்போது உள்ளறையிலிருந்து கனி, "எம்மா! எம்மா, தண்ணி ஒடஞ்சிட்டு!" என்று கத்தினாள். சௌந்தரி கரண்டியையும் போனையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று அங்கே பெண் பிள்ளை பிறந்தது, கொஞ்சம் முந்தி வந்தாலும் நல்ல சத்தத்தோடு. போன் மட்டும் அடுப்பு மேடையில் கஞ்சிக் கரண்டிக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. பொறுமைபுரத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, "மெல்ல, என் கையப் பிடிச்சுக்கோ" என்பது கேட்டது, அப்புறம் மழை. ஆமென் வரவில்லை. ஆமென் வராமல் கண்ணைத் திறப்பது அந்தச் சபையில் வழக்கமில்லை, அதிலும் எல்லாரும் இருக்கும்போது முதலில் திறக்க யார் துணிவார்கள்? ஒருத்தி திறந்தால் மற்றவள் பார்த்துவிடுவாள் என்று ஒவ்வொருத்தியும் இமையை இறுக்கினாள்.

பின்னால் பாயில், சின்னக் கனி பல் விழுந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அம்மாமார் யாரும் பார்க்கவில்லை என்பதைக் கண்டு எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து மற்றதுகளும் எழுந்தன. மூன்று வயசு அருள்மணியை ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டாள், தொட்டில் பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வாசலில் குவிந்து கிடந்ததில் அவரவர் செருப்பைத் தேடி, ஒருத்தர் செருப்பை ஒருத்தர் மாட்டி, தள்ளி, சிரித்து, உஷ் சொல்லி, படியிறங்கி, வெயிலில், தேரியைத் தாண்டிப் போகிற தார்ச்சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். முழங்காலில் நின்ற பெண்களுக்கு அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. மெல்லிய, ஏராளமான, கோயிலை நிறைத்துக்கொண்டு கடந்து போகிற காலடிகள். அது பரலோகத்திலிருந்து யாரோ இறங்கி வருகிற சத்தம் என்று பாக்கியத்தாய்க்குப் பட்டது. கண்ணை இன்னும் இறுக்க மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் சிலிர்க்க, அவள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.